நெரிசலில் டெம்பரேச்சர் சிவப்புக்குப் போகுது: ஹெட்டைப் பிரிக்கும் முன் எதையெல்லாம் பார்க்கணும்?

கியர்மாற்றி:

வண்டி 200 சிசி, ஒற்றை சிலிண்டர், லிக்விட் கூலிங், எஃப்ஐ (ஃப்யூல் இன்ஜெக்ஷன்). ஓடினது 38,000 கிமீ. கிளம்பி அரைமணி நேரம் வரைக்கும் எல்லாம் சரியா இருக்கு. அப்புறம் நெரிசல்ல ஊர்ந்து போனா டெம்பரேச்சர் பார் ஒவ்வொண்ணா ஏறி சிவப்பு விளக்கு எரியுது. ஃபேன் சுத்துற சத்தம் கேக்குது. நெரிசல் இல்லாத ரோட்டுக்கு வந்தா இறங்குது, ஆனா பழைய அளவுக்கு வரலை, ரெண்டு பார் மேலேயே நிக்குது. சூட்டோட ஆஃப் பண்ணினா ரிசர்வ் டேங்க்கோட ஓவர்ஃப்ளோ குழாய்ல கூலன்ட் சொட்டுது.

கூலன்ட் மாத்தியாச்சு, தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்ட்டுக்கு வழி திறக்கிற வால்வு) புதுசு போட்டாச்சு. ஆயில் அளவு சரி. ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற சீல் தகடு) போயிருக்கும், பிரிச்சுடலாம்னு மெக்கானிக் சொல்றார். பிரிக்கிறதுக்கு முன்னாடி வேற என்ன பார்க்கணும்?

பழைய_ஸ்பேனர்:

கூலன்ட்டை வெளியே தள்ளுதுன்னா கம்பஷன் பிரஷர் (சிலிண்டருக்குள்ள பெட்ரோல் எரியிற அழுத்தம்) கூலன்ட் பக்கம் போகுதுன்னு அர்த்தம். புது தெர்மோஸ்டாட் போட்டும் தீரலைன்னா கேஸ்கெட்தான். தேடித்தேடி ஓட்டிக்கிட்டே இருந்தா ஹெட் வளைஞ்சிடும். பிரிக்கச் சொல்லுங்க தம்பி.

சூடளவி:

கேஸ்கெட்டாக இருக்கலாம், ஆனால் இந்த அறிகுறிகளை வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது அண்ணா. கூலன்ட் வெளியே வர இன்னும் இரண்டு வழிகள் உண்டு: பிரஷர் நிற்காமல் கூலன்ட் கொதிப்பது, உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து கூலன்ட்டைத் தள்ளுவது. இவற்றைப் பிரித்தறிய ஹெட்டைத் திறக்க வேண்டியதில்லை. ஒரு காலை நேரமும், ஒரு மல்டிமீட்டரும், ரேடியேட்டர் மூடியும் போதும்.

எப்போது சூடாகிறது என்பதிலிருந்தே பாதி விடை கிடைக்கும். நின்றால் மட்டும் ஏறி, ஓடினால் முழுதாக இறங்கிவிட்டால் காற்றோட்டம்தான் பிரச்சினை: ஃபேன், ரேடியேட்டர் ஃபின் அடைப்பு, ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டிய ஏதாவது. நின்றால் சரியாக இருந்து வேகத்தில் ஏறினால் கூலன்ட் ஓட்டம் போதவில்லை, அல்லது இன்ஜின் அளவுக்கு மீறிச் சூட்டை உண்டாக்குகிறது: உள்ளடைப்பு, பம்ப், லீன் மிக்ஸர் (பெட்ரோல் குறைந்து காற்று கூடிய கலவை), கேஸ்கெட். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிய சில நிமிடங்களிலேயே எகிறினால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, இல்லாவிட்டால் பெரிய காற்றுக்குமிழி சிக்கியிருக்கிறது. முள் ஏறி இறங்கி ஆடினால் பெரும்பாலும் காற்று.

உங்கள் வண்டி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நெரிசலில் ஏறுகிறது, ஓட்டத்தில் முழுதாக இறங்கவில்லை. அதனால் ஃபேன் மட்டும் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. கூலன்ட் குறைவு, காற்று, பிரஷர் இழப்பு, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் முதலில் தேடுவேன்.

இரவு முழுக்க நிறுத்திய வண்டியில், காலையில் கிளப்புவதற்கு முன் இவற்றைப் பார்த்து எழுதுங்கள்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து அளவு பாருங்கள். ரிசர்வ் டேங்க்கைப் பார்த்தால் போதாது, அது ரேடியேட்டருக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாது. கூலன்ட் கழுத்து வரை நிற்க வேண்டும். டேங்க் மேல் கோட்டைத் தாண்டி நிறைந்திருந்து, ரேடியேட்டர் குறைந்திருந்தால், சூட்டில் வெளியே போன கூலன்ட் குளிரும்போது திரும்பி வரவில்லை என்று பொருள். உங்களுக்கு இது இருக்கும் என்று சந்தேகிக்கிறேன்.

மூடியைத் திறப்பதற்கு முன்பே ரப்பர் ஹோஸ்களைப் பாருங்கள். குளிர்ந்த பிறகு ஹோஸ் சப்பிப் போயிருந்தால் மூடியின் அடியில் இருக்கும் சின்ன வேக்கம் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது டேங்க்குக்குப் போகும் குழாய் மடங்கியிருக்கிறது. ஹோஸ் சப்பாமல் ரேடியேட்டர் மட்டும் குறைந்திருந்தால் கூலன்ட் வர வேண்டிய இடத்தில் காற்று உள்ளே வருகிறது. அதாவது எங்கோ ஓட்டை.

சூடான இன்ஜினில் எந்தக் காரணத்துக்காகவும் மூடியைத் தொடாதீர்கள். பிரஷர் இறங்கிய நொடியே உள்ளிருப்பது கொதித்து முகத்தில் பீறிடும். மேல் ஹோஸைக் கையால் அமுக்கி, அது மெத்தென்று இருந்து, கை தாங்கும் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும்.

பழைய_ஸ்பேனர்:

மூடியால 200 சிசி வண்டி சிவப்புக்குப் போகுமா? அது கூலன்ட் கொட்டாம இருக்கத்தானே.

சூடளவி:

போகும். மூடியின் முக்கிய வேலையே கொதிநிலையைத் தூக்குவது. கூலன்ட்டும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்தால், பிரஷர் இல்லாத நிலையில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். அதே கலவை 1.1 பார் (இங்கே பார் என்பது பிரஷர் அளவு) மூடிக்குக் கீழே 125-ஐத் தாண்டியும் கொதிக்காது. பல பைக்குகளில் ஃபேன் ஓடத் தொடங்குவதே 100 டிகிரிக்குப் பக்கத்தில்தான். அப்படியென்றால் மூடி பிரஷர் பிடிக்காத வண்டியில் ஃபேன் ஓடும் சூட்டுக்கும் கொதிநிலைக்கும் நடுவே சில டிகிரிதான் இடைவெளி. அதிலும் டேங்க் குறையும்போதெல்லாம் வெறும் தண்ணீர் ஊற்றி வந்திருந்தால் அந்த இடைவெளியும் இல்லை.

ரேடியேட்டரில் எல்லா இடமும் ஒரே சூட்டில் இருப்பதில்லை, ஹெட்டிலும் அப்படித்தான். எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள ஜாக்கெட்டில் கூலன்ட் முதலில் ஆவியாகும். ஆவி நிற்கும் இடத்தில் உலோகத்தின் சூட்டை இழுக்க ஆளில்லை, அதனால் அந்த இடம் இன்னும் சூடாகும், இன்னும் ஆவி உண்டாகும். அந்த ஆவி கூலன்ட்டை டேங்க்குக்குத் தள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் அப்படியே கேஸ்கெட் போன மாதிரி இருக்கும்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது முதல் நிமிடம். குளிர்ந்த வண்டியில் ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பி, மூடியைத் திறந்தே வைத்து, கிளப்பி ஐடிலில் விடுங்கள். தெர்மோஸ்டாட் திறக்க 80 டிகிரி தாண்ட வேண்டும், அதுவரை கொதிப்புக்கு வழியே இல்லை. அந்த நேரத்திலேயே கழுத்தில் விடாமல் குமிழி வந்து, ஆக்ஸிலேட்டரை லேசாகக் கொடுத்தால் குமிழி கூடினால் அது கம்பஷன் காற்று. கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். தொடக்கத்தில் நாலைந்து குமிழி வந்து நின்றுவிட்டால் அது நிரப்பும்போது சிக்கிய காற்று. மூடி போட்டபடி பார்ப்பதானால், குளிர்ந்த நிலையில் கிளப்பி ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும் அதே சந்தேகம்தான்.

உறுதி வேண்டுமென்றால் இரண்டு சோதனைகள். ஒன்று, நீல நிற டெஸ்ட் திரவம். ரேடியேட்டர் கழுத்தில் மேலே நிற்கும் காற்றை அதன் வழியாக உறிஞ்ச வேண்டும், பெட்ரோல் இன்ஜினின் கம்பஷன் வாயு கலந்திருந்தால் மஞ்சளாகும். கூலன்ட் உள்ளே ஏறிவிட்டால் சோதனை கெட்டுவிடும், அதனால் கழுத்தில் அளவைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது, பிஸ்டனை கம்ப்ரஷன் டிடிசியில் (இரண்டு வால்வும் மூடி, பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) நிறுத்தி, கியரில் போட்டுப் பின் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி, ப்ளக் துளை வழியாக 6 அல்லது 7 பார் காற்று கொடுத்து ரேடியேட்டர் கழுத்தைப் பார்ப்பது. குமிழி வந்தால் பேச்சுக்கே இடமில்லை, பிரிக்கலாம்.

மின்சுருள்:

ஃபேன் சத்தம் கேட்குது என்பதை வைத்து ஃபேனை விட்டுவிட வேண்டாம். மூன்று விஷயம் பாருங்கள்.

திசை முதலில். பைக்கில் ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்து காற்றை இழுக்கும். ஓடும்போது ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு தாளைக் காட்டினால் தாள் ஒட்ட வேண்டும். விலகிப் பறந்தால் வயர் மாறியிருக்கிறது. அப்படி இருந்தால் நிற்கும்போது இன்ஜினின் சூடான காற்றையே ரேடியேட்டருக்குள் தள்ளும், ஓடும்போது எதிர்க்காற்றோடு மல்லுக்கு நிற்கும்.

அடுத்து வோல்டேஜ். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே கனெக்டரின் பின்பக்கமாக மீட்டர் முனையைச் செருகி அளக்க வேண்டும். கழட்டிவிட்டு அளந்தால் துருப்பிடித்த டெர்மினல்கூட முழு வோல்டேஜ் காட்டும். அதே நேரத்தில் பேட்டரியில் இருப்பதற்கும் ஃபேனுக்கு வருவதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிலே, எர்த், கனெக்டர் மூன்றையும் சுத்தம் செய்யுங்கள். வோல்டேஜ் சரியாக வந்தும் மெதுவாகச் சுற்றினால் மோட்டார் புஷ் அல்லது கார்பன் தேய்ந்திருக்கும்.

மூன்றாவது, ஃபேன் எத்தனை டிகிரியில் தொடங்குகிறது என்பது. கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரைக் கழட்டினால் பல இசியுக்கள் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பாதுகாப்புக்காக ஃபேனை ஓடவிடும், கூடவே எச்சரிக்கை விளக்கும் எரியும். அப்படி ஓடினால் மோட்டார், ரிலே, வயர் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. சென்சார் சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும் வகை. 20 டிகிரியில் பொதுவாக 2 முதல் 2.5 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் சுற்றி இருக்கும். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். இன்னொன்று, சென்சார் முனை கூலன்ட்டில் மூழ்காமல் காற்றுக்குமிழியில் நின்றால் அளவு தாறுமாறாக வரும். காற்று இருக்கும்வரை மீட்டரில் தெரியும் பாரை முழுதாக நம்ப முடியாது.

காற்றுக்குளிர்ச்சி:

இடையில் ஒரு கேள்வி. என்னுடையது 150 சிசி ஏர்கூல்டு, கார்புரேட்டர். ரேடியேட்டரே இல்லை. சூடானால் பிக்கப் விழுகிறது, ஆக்ஸிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கிறது. குளிர்ந்த வகை ப்ளக் போட்டால் சூடு குறையும் என்கிறார்கள். உண்மையா?

சூடளவி:

குறையாது. ப்ளக்கின் ஹீட் ரேஞ்ச் என்பது ப்ளக் முனை தன் சூட்டை எவ்வளவு வேகமாக ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பது மட்டுமே. இன்ஜின் உண்டாக்கும் சூடு அப்படியேதான் இருக்கும். தேவையில்லாமல் குளிர்ந்த ப்ளக் போட்டால் கரி படிந்து மிஸ்ஃபயர் ஆகும். எண்களிலும் கவனம் வேண்டும்: என்ஜிகே-யில் எண் கூடினால் குளிர்ந்தது, போஷில் எண் கூடினால் சூடானது.

ஆக்ஸிலேட்டரை விட்டதும் வெடிப்பது லீன் மிக்ஸரை நோக்கிக் கை காட்டுகிறது. சைலன்சர் ஜாயின்ட்டில் காற்று புகுந்தாலும் இதே சத்தம் வரும், அதையும் பாருங்கள். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ரப்பர் மேனிஃபோல்டில் விரிசல் இருக்கலாம். ஐடிலில் விட்டு அதைச் சுற்றித் தண்ணீர் ஸ்ப்ரே அடியுங்கள், சத்தம் மாறும் இடத்தில் காற்று உள்ளே போகிறது. அது சரியாக இருந்தால் ஜெட்களைக் கழட்டி வெளிச்சத்தில் பாருங்கள், மிதவை அளவையும் பெட்ரோல் காக்கின் வடிகட்டியையும் பாருங்கள். ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகும்.

அதன் பிறகு டேப்பட். எக்ஸாஸ்ட் வால்வு இடைவெளி குறைந்தால் வால்வு சீட்டில் சரியாக உட்காராது. வால்வு தன் சூட்டைச் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்குக் கொடுக்கிறது, ஆகவே வால்வும் எரியும், கம்ப்ரஷனும் போகும். சூடானால் பிக்கப் விழுவதற்கு இது நல்ல காரணம். முழுதும் குளிர்ந்த இன்ஜினில், கம்ப்ரஷன் டிடிசியில், ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பாருங்கள்.

ஃபின்களுக்கு நடுவில் சேறும் ஆயிலும் கெட்டியாக அப்பியிருந்தால் சுரண்டி எடுங்கள். மினுமினுப்புக்காகத் தடித்த பெயின்ட் அடித்திருந்தால் அதுவும் சூட்டைத் தடுக்கும். பிரேக் உரசுகிறதா, செயின் விறைப்பாக இருக்கிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். இழுவை கூடினால் இன்ஜின் வீணாக உழைக்கும்.

கியர்மாற்றி:

எல்லாம் பார்த்தேன்.

ஃபேன் திசை சரி. ஓடும்போது பேட்டரியில 13.9, ஃபேன்ல 13.6. முன்பக்க ஃபின் சுத்தம், எதுவும் மறைக்கலை.

காலையில ஹோஸ் சப்பலை. ரிசர்வ் டேங்க் மேல் கோட்டுக்கு மேல இருக்கு. ரேடியேட்டர்ல கழுத்துக்குக் கீழே கூலன்ட்டே தெரியலை, கிட்டத்தட்ட 200 மில்லி ஊத்தின பிறகுதான் கழுத்துக்கு வந்தது.

மூடி திறந்து கிளப்பினேன். ஆரம்பத்துல சில குமிழி, அப்புறம் ஒண்ணும் இல்லை. ஆக்ஸிலேட்டர் கொடுத்தாலும் வரலை. ஆயில் பால் மாதிரி ஆகலை, புகையும் இல்லை.

பழைய_ஸ்பேனர்:

அப்போ கேஸ்கெட் இல்லைன்னு ஒத்துக்கறேன். குளிர்ந்த இன்ஜின்ல குமிழி வராம கேஸ்கெட் லீக் இருந்தாலும் அது மிகச் சின்னதா இருக்கணும், இவ்வளவு கூலன்ட்டை டேங்க்குக்குத் தள்ளாது. காத்து எங்க புகுதுன்னு பார்க்கணும். ரேடியேட்டர் கழுத்துல இருந்து டேங்க்குக்குப் போற குழாயைக் கழட்டி, ஒரு முனையை விரலால அடைச்சு தண்ணிக்குள்ள முக்கி, மறுமுனையில ஊதுங்க. கிளிப் உட்கார்ற இடத்துலதான் வெடிப்பு வரும், கண்ணுக்குத் தெரியாது. டேங்க்குக்குள்ள அந்தக் குழாய் அடிவரைக்கும் இறங்குதான்னும் பாருங்க. உள்குழாய் கழண்டு விழுந்திருந்தா கூலன்ட்டுக்குப் பதிலா காத்தைத்தான் உறிஞ்சும்.

சூடளவி:

அதோடு பிரஷர் டெஸ்டும் செய்யுங்கள். குளிர்ந்த இன்ஜினில், ரேடியேட்டர் நிறைந்த நிலையில், கைப்பம்ப் டெஸ்டரைக் கழுத்தில் மாட்டி மூடியில் அச்சடித்த அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். 1.1 என்றால் 1.1 பார். அதைத் தாண்டினால் நல்ல ரேடியேட்டரின் ஜாயின்ட்டையும் உடைப்பீர்கள். சில நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் டார்ச் எடுத்து ஒவ்வொரு ஜாயின்ட்டாகப் பாருங்கள். வாட்டர் பம்ப் கவருக்குக் கீழே ஒரு சின்னத் துளை இருக்கும், அதைக் கண்டிப்பாகப் பாருங்கள். மூடியையும் அதே டெஸ்டரில் மாட்டி, அச்சடித்த அளவுக்குப் பக்கத்தில்தான் திறக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

கியர்மாற்றி:

குழாய் சரி, டேங்க் உள்குழாயும் சரி. மூடி 1.1-ல திறக்குது. ஆனா ரேடியேட்டர்ல 1.1 ஏத்தினா ஒரு நிமிஷத்துல 0.7-க்கு வந்துடுது. பம்ப் கவருக்குக் கீழ இருக்கிற துளையில ஈரம், சுத்தி வெள்ளையும் பச்சையுமா உப்பு மாதிரி காய்ஞ்ச தடம். சூடான இன்ஜின்ல உடனே காய்ஞ்சிடுறதால தரையில சொட்டே விழலை போல. அந்தத் துளையை எம்சீல் வச்சு அடைக்கலாம்னு ஒருத்தர் சொல்றார்.

சீல்வளையம்:

அடைக்கவே கூடாது. பம்ப் ஷாஃப்ட்டில் இரண்டு சீல்கள் இருக்கின்றன. கூலன்ட் பக்கம் மெக்கானிக்கல் சீல், ஆயில் பக்கம் சாதாரண ஆயில் சீல். நடுவில் விட்ட இடைவெளியின் வடிகால்தான் அந்தத் துளை. கூலன்ட் வந்தால் மெக்கானிக்கல் சீல் போயிருக்கிறது, ஆயில் வந்தால் ஆயில் சீல். துளையை அடைத்தால் கூலன்ட்டுக்குப் போக வேறு இடமில்லை, ஆயில் சீலைத் தாண்டி கிரான்க்கேஸுக்குள் போகும். அப்போது பேரிங்கும் கிரான்க்கும் சேர்ந்து போகும்.

உங்கள் அறிகுறிகள் எல்லாம் இங்கே வந்து சேர்கின்றன. சூட்டில் சீல் வழியாகப் பிரஷர் கசிவதால் கொதிநிலை இறங்குகிறது, நெரிசலில் கொதித்துக் கூலன்ட் டேங்க்குக்குப் போகிறது. குளிரும்போது டேங்க்கிலிருந்து கூலன்ட்டை இழுப்பதைவிட அதே சீல் வழியாகக் காற்றை இழுப்பது சுலபம். மறுநாள் குறைந்த கூலன்ட்டோடு வண்டி கிளம்புகிறது, பம்ப் காற்றையும் சேர்த்து அடிக்கிறது. வேகத்திலும் இரண்டு பார் மேலே நிற்பது அதனால்தான்.

மாற்றும்போது இரண்டு சீலையும் சேர்த்தே மாற்றுங்கள், ஓ-ரிங்கும் கேஸ்கெட்டும் புதிது. பல வண்டிகளில் பம்ப் ஷாஃப்ட் க்ளட்ச் கவர் பக்கம் இருக்கும், கூலன்ட்டோடு இன்ஜின் ஆயிலையும் வடிக்க வேண்டும். ஷாஃப்ட்டில் சீல் உதடு ஓடும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள், வரி தட்டினால் ஷாஃப்ட்டும் மாற்ற வேண்டும், புது சீல் அதில் நிற்காது. ஆயில் சீலின் ஸ்ப்ரிங் உள்ள பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும், உதட்டில் கொஞ்சம் கிரீஸ். மெக்கானிக்கல் சீலை அதன் வெளி விளிம்பில் பொருந்தும் சாக்கெட் வைத்து நேராக இறக்குங்கள். நடுவில் உள்ள கார்பன் முகத்தில் அழுத்தம் படக்கூடாது, கிரீஸ் கையும் படக்கூடாது. இம்பெல்லர் (பம்புக்குள் கூலன்ட்டைத் தள்ளும் சக்கரம்) இதழ் அரித்திருக்கிறதா, ஷாஃப்ட்டில் தனியாகச் சுழல்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கவர் போல்ட் 6 மிமீ என்றால் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர், மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி. கேஸ்கெட் போடும் இடத்தில் சிலிக்கான் பூசாதீர்கள். உள்பக்கம் பிதுங்கியது உதிர்ந்து ரேடியேட்டர் குழாய்களை அடைக்கும்.

சீல் ஏன் போனது என்றும் பாருங்கள். கார்பன் முகத்தில் வட்டமாகக் கோடு விழுந்து, பம்ப் அறையில் வெள்ளைப் படிவு இருந்தால் குழாய்த் தண்ணீரின் உப்புதான் காரணம். அப்படியானால் வாலைவடி நீர் (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்றி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓட்டி, வடித்து, தெளிவாக வரும்வரை திரும்பச் செய்ய வேண்டும்.

காற்றுக்குளிர்ச்சி:

மேனிஃபோல்டில் கிளிப்புக்குப் பின்னால் வெடிப்பு. தண்ணீர் அடித்ததும் ஐடில் மாறியது. டேப்பட்டும் எக்ஸாஸ்ட் பக்கம் இறுக்கமாக இருந்தது, இரண்டையும் சரிசெய்கிறேன். நன்றி.

கியர்மாற்றி:

சீல் செட் சொல்லியிருக்கேன். முகத்துல கோடு இருக்கு, வெள்ளைப் படிவும் இருக்கு. ஷாஃப்ட் வழவழன்னு இருக்கு. திரும்ப நிரப்பும்போது காத்து சிக்காம எப்படி ஊத்தணும்? சீல் வர்ற வரைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டு ஓட்டலாமா?

சூடளவி:

கழட்ட வேண்டாம், ஓட்டவும் வேண்டாம். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டினால் இன்ஜின் வேலைச் சூட்டுக்கு வராது, இசியு பெட்ரோலைக் கூடுதலாகவே கொடுக்கும், அது ஆயிலில் கலக்கும். கசிவும் அப்படியேதான் இருக்கும்.

கூலன்ட் அடர்கரைசலாக வாங்கினால் வாலைவடி நீரோடு சரிபாதி. கலந்தே வருவதில் தண்ணீர் சேர்க்கக்கூடாது. அடர்கரைசலை அப்படியே ஊற்றுவதும் தவறு, தண்ணீர்தான் சூட்டை நன்றாகச் சுமக்கும். கூலன்ட்டில் உள்ள கிளைகால் நஞ்சு, இனிப்பாக வேறு இருக்கும். வடித்ததை நாயும் பூனையும் நக்கும் இடத்தில் வைக்காதீர்கள்.

நிரப்பும்போது பம்பிலோ ஹெட்டிலோ ப்ளீட் போல்ட் இருந்தால் அதைத் தளர்த்தி, கழுத்தில் மெதுவாக ஊற்றுங்கள். குமிழி இல்லாமல் கூலன்ட் மட்டும் வந்ததும் இறுக்குங்கள். வண்டியை இடமும் வலமும் சில முறை சாய்த்து, ஹோஸ்களை அமுக்கி விடுங்கள். மூடி திறந்தே ஐடிலில் ஓட்டுங்கள். கீழ் ஹோஸ் சூடானால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது, அப்போது அளவு சட்டென்று இறங்கும், நிரப்புங்கள். ஆக்ஸிலேட்டரை மூன்று நான்கு முறை லேசாகக் கொடுத்து, திரும்ப நிரப்பி, மூடியைப் போடுங்கள். டேங்க்கில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருந்தால் போதும். ஓட்டி, முழுதும் குளிர்ந்த பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். கழுத்து வரை நின்று, டேங்க்கில் கொஞ்சம் குறைந்திருந்தால் இப்போது கூலன்ட் திரும்பி வருகிறது.

பழைய_ஸ்பேனர்:

கூடவே ஒண்ணு. சிவப்பு விளக்கோட ஓடின இன்ஜினா இருக்கறதால ஆயிலையும் மாத்திடுங்க தம்பி. எப்படியும் வடிக்கத்தானே போறீங்க. சூட்டுல கெட்ட ஆயில் கறுத்துத் தண்ணியா வரும், கருகின வாடை அடிக்கும். பம்ப் வேலை முடிஞ்சதும் கம்ப்ரஷன் ஒரு தடவை பாருங்க. மேனுவல் அளவுல இருந்தா ஹெட்டைத் தொட வேண்டாம். குறைஞ்சிருந்து பிரிக்க வேண்டி வந்தா, ஹெட் முகத்துல ஸ்ட்ரெயிட் எட்ஜ் வச்சு, நீளவாக்குல, அகலவாக்குல, மூலைக்கு மூலை, எல்லா வாக்குலயும் ஃபீலர் விட்டுப் பாருங்க. 0.05 மிமீ தாண்டி உள்ள போனா மேனுவல்ல இருக்கற லிமிட்டைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.